சுட்டியும் மொய்யும்

இணையத்தில் மேயும் எவருக்கும் தெரிந்த தொல்லைதான் இது. ஒரு நல்ல பக்கம் கண்ணில் படும். அப்புறம் படிக்கலாம் என்று உலாவியின் புத்தகக்குறிப் பட்டியலில் போட்டு வைப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பட்டியலில் முந்நூறு பக்கம் இருக்கும், தேடுவது மட்டும் இருக்காது. கணினியை ஒருமுறை ஃபார்மட் செய்தால் அந்த முந்நூறும் காலி.

இதற்கு மருந்தாக வந்தவைதான் சமூகப் புத்தகக்குறித் தளங்கள். (பெயர் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்!) சுட்டியைச் சொந்தக் கணினியில் வைக்காமல் இணையத்தில் ஒரு கணக்கில் வைப்பது, பக்கத்தில் ஒன்றிரண்டு குறிச்சொல் எழுதுவது, அதை ஊரே பார்க்க விடுவது. அவ்வளவுதான் சங்கதி. முதல் இரண்டும் சாதாரண வேலை. மூன்றாவதில்தான் மரியாதை, சண்டை, சச்சரவு எல்லாம் வந்து சேர்ந்தன.

இந்தத் தளங்களில் பேர் பெற்றது டெலிஷியஸ். அதை உருவாக்கிய ஜோஷுவா ஷாக்டர், மார்கன் ஸ்டான்லி என்ற நிதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் இதைச் செய்தவர். அதற்கு முன்பே அவர் மீம்பூல் என்றொரு தளம் நடத்தி வந்ததால் வாசகர்கள் சுவாரசியமான சுட்டிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே ஒரு உரைக்கோப்பில் வரிசையாகப் போட்டார். சுமார் 20,000 சுட்டிகள் சேர்ந்துவிட்டன. அத்தனையிலும் தேட முடிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு சுட்டிக்கும் பக்கத்தில் ஒரு சிறு சொல் எழுதி வைத்தார். கணிதம் என்றால் கணிதம், உணவு என்றால் உணவு. அந்தக் கோப்புதான் வளர்ந்து 2003ல் டெலிஷியஸ் ஆனது. 2005 டிசம்பரில் யாஹூ அதை வாங்கியது. 2008 முடிவில் 53 லட்சம் பேர், 18 கோடி வெவ்வேறு சுட்டிகள் என்று அந்தத் தளம் கணக்குச் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் யாருக்கும் சேவை செய்யக் கிளம்பவில்லை. தனக்கு மறந்து போகக் கூடாது என்று குறித்தார். டெலிஷியஸில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான். ஆனாலும் அடுத்தவருக்கு அதனால் லாபம் இருந்தது. ஹெச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹூபர்மன் என்ற இருவர் இதை ஆராய்ந்து 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தைச் சுமார் நூறு பேர் குறித்து முடிப்பதற்குள் எந்தக் குறிச்சொல்லுக்கு எத்தனை பங்கு என்பது ஏறத்தாழ நிலையாகிவிடுகிறதாம். அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. தலைவர் இல்லை, விதி இல்லை, கூட்டம் போட்டு முடிவு செய்யவும் இல்லை. அவரவர் தனக்காக எழுதிய சொற்கள் சேர்ந்து அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று சொல்லிவிட்டன. நூலகத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை!

இது நடப்பதற்கு ஒரே நிபந்தனைதான். எழுதுகிறவர் தனக்கு உண்மையாக எழுத வேண்டும். கத்திரிக்காய்க் குழம்புப் பக்கத்துக்கு 'சமையல்', 'கத்திரிக்காய்' என்று போடுகிறவர் தன் வேலையைப் பார்க்கிறார், ஊருக்கும் உதவுகிறார். அதே பக்கத்துக்கு 'சினிமா', 'ரஜினி', 'கிரிக்கெட்', 'இலவசம்' என்று அன்றைக்கு எது சூடாக ஓடுகிறதோ அத்தனையையும் ஒட்டுகிறவர் தனக்கும் உதவுவதில்லை. ஆறு மாதம் கழித்து அவரே கத்திரிக்காயைத் தேடினால் கிடைக்காது. அதை அவர் வைக்கவும் இல்லை, விளம்பரம் செய்திருக்கிறார். எந்தக் குறிச்சொல் பொய்யானது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது.

'படிக்கணும்' என்று மட்டும் குறித்து வைப்பது டெலிஷியஸில் உலகப் பொது வழக்கமாக இருந்தது. அதில் தப்பில்லை. அதைக் கடைசி வரை படித்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் பலருக்குச் சங்கடமாக இருக்கும், விட்டுவிடலாம் :-) ஆனால் அந்தச் சொல் பக்கத்தில் வருகிறவருக்கு எந்தத் தகவலும் தருவதில்லை. கூடவே இன்னொரு சொல் எழுத மூன்று விநாடி ஆகும். தலைப்பும் அப்படித்தான். பக்கத்தின் தலைப்பு 'முகப்பு' என்றோ 'பெயரிடப்படாதது' என்றோ இருந்தால் அதைத் திருத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவது நல்லது. அதற்காகத் தலைப்பில் சொந்தக் கருத்தைத் திணிப்பது வேறு. "இந்த முட்டாள்தனத்தைப் பாருங்கள்" என்று தலைப்பு வைத்தால் வாசகர் படிக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. ரெடிட் தளத்தின் நடத்தைக் குறிப்புகளில் இதைச் செய்யாதே என்று எழுதியே வைத்தார்கள். மூலப் பக்கத்தைத் தேடிச் சுட்டி கொடு, ஏற்கெனவே யாராவது கொடுத்துவிட்டார்களா என்று பார் என்பதும் அதிலேயே இருந்தது.

சரி, இதுவரை சொன்னது சேமிக்கிறவர்களின் கதை. இன்னொரு வகை தளமும் இருந்தது. அங்கேயும் சுட்டிதான், ஆனால் பக்கத்தில் ஓர் எண். எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற எண்.

2004ல் வந்த டிக் அப்படிப்பட்டது. பிடித்திருந்தால் 'தோண்டு', பிடிக்கவில்லையா, 'புதை'. நிறையத் தோண்டப்பட்டது முதல் பக்கத்துக்கு வரும். முதல் பக்கத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து குவிவார்கள். வேலை என்னவோ ஒன்றுதான், ஒரு பக்கம் நன்றாக இருக்கிறது என்று குறிப்பது. ஆனால் எண் வந்தவுடன் குணம் மாறிவிட்டது. 'எனக்குத் தேவைப்படுமா' என்ற கேள்வி போய் 'மேலே போகுமா' என்ற கேள்வி வந்தது. ஒருவருக்கொருவர் தோண்டிக்கொள்ளும் நட்பு வட்டங்கள் கிளம்பின. தங்களுக்குப் பிடிக்காத அரசியல் செய்திகளை எல்லாம் திட்டம் போட்டுப் புதைத்து வந்த ஒரு குழு 2010ல் அம்பலமானது. அதே வருடம் ஆகஸ்டில் வந்த புதிய டிக்கில் புதைக்கும் பொத்தானே இல்லை. பதிலாகப் பெரிய பத்திரிகைகள் தாங்களே தங்கள் சுட்டிகளைக் கொண்டுவந்து கொட்டிக்கொள்ள வசதி இருந்தது. கோபமடைந்த பயனர்கள் முதல் பக்கம் முழுவதையும் போட்டித் தளமான ரெடிட்டின் சுட்டிகளால் நிரப்பிவிட்டு நடையைக் கட்டினார்கள். 2012ல் பீட்டாவொர்க்ஸ் நிறுவனம் டிக்கை 5 லட்சம் டாலருக்கு வாங்கியது என்று செய்தி வந்தது.

தமிழ்ப் பதிவுலகத்துக்கு இதெல்லாம் வேற்றூர்க் கதை இல்லை. 2000களின் பிற்பகுதியில் தமிழ்மணத்தின் ஓட்டுப்பட்டையும் தமிழிஷ் (பிறகு இன்ட்லி ஆனது) ஓட்டுப்பட்டையும் தொங்காத பதிவு அபூர்வம். பின்னூட்டத்தில் முதலில் ஒருவர் 'மீ த பர்ஸ்ட்டு' என்பார். அடுத்தவர் 'த.ம. 3' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார். தமிழ்மணத்தில் மூன்றாவது ஓட்டு தன்னுடையது என்று அர்த்தம். பதிவைப் படித்தாரா? அது அவருக்கும் ஆண்டவனுக்கும் வெளிச்சம். மறுநாள் அவர் பதிவுக்கு இவர் போய் 'த.ம. 5' என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் வருத்தம்.

மொய்தான் இது, சந்தேகமே இல்லை. ஆனால் மொய்யைக் கேவலமாகப் பேசுவது நியாயம் ஆகாது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக நடத்துவார்கள். கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயரும் தொகையும் எழுதி வாங்குவார்கள். அந்தப் பணத்தில் தொழில் தொடங்கியவர் உண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர் உண்டு. திரும்பச் செய்ய வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மூன்றாவது ஆள் யாரும் அதில் ஏமாறுவதில்லை.

ஓட்டில் அப்படி இல்லை. வைத்தவருக்கும் வாங்கியவருக்கும் கணக்குச் சரியாகிவிடும். இருபது ஓட்டு வாங்கிய பதிவு நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பித் திறக்கிறாரே முன்பின் தெரியாத வாசகர், அவர்தான் நஷ்டப்படுகிறார். அதைவிட நஷ்டம் இன்னொருவருக்கு. யாரையும் தெரியாமல், நோட்டில் பெயர் இல்லாமல், நல்லதாக ஒன்றை எழுதிவிட்டு இரண்டாம் பக்கத்தில் கிடக்கிறாரே, அந்தப் புதியவருக்கு. மொய்யில் நாகரிகம் என்று இருப்பது ஓட்டில் அநாகரிகமாகிப் போவது இந்த மூன்றாம் ஆளால்தான்.

அதற்காக நண்பன் எழுதியதைக் குறிக்கவே கூடாதா என்றால், தாராளமாகக் குறிக்கலாம். நண்பன் நன்றாகவும் எழுதலாம் அல்லவா? சொந்தப் பதிவைக் கொடுப்பதும் பாவமில்லை. ரெடிட்டில் நெடுநாள் இருந்த ஒரு தோராயக் கணக்கு: கொடுக்கும் பத்தில் ஒன்றுக்கு மேல் சொந்தச் சரக்காக இருக்க வேண்டாம். மிச்சம் ஒன்பது அடுத்தவர் எழுதியதாக இருக்க வேண்டும் என்றால் ஒன்பது பேர் எழுதியதைப் படித்திருக்க வேண்டும். அந்த விதியின் புத்திசாலித்தனமே அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, சுட்டியின் அந்தப் பக்கம் இருப்பவர். சேமிக்கும்போது அவர் ஞாபகம் பலருக்கு வருவதில்லை.

தன் தாத்தா சேர்த்து வைத்த பழைய ரயில் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து, மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவு போட்ட மலிவு வழங்கியில் ஏற்றி வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். தினமும் முப்பது பேர் வருவார்கள். ஒரு நாள் அந்தச் சுட்டி ஏதோ ஒரு பெரிய தளத்தின் முதல் பக்கத்தில் ஏறுகிறது. மத்தியானத்துக்குள் மாத அளவு தீர்ந்து 509 என்ற எண்ணோடு ஒரு வெள்ளைப் பக்கம் மட்டும் நிற்கும். சில வழங்கிகளில் கூடுதல் கட்டணமும் வரும். 1990களின் பிற்பகுதியில் ஸ்லாஷ்டாட் என்ற தளத்தில் இது அடிக்கடி நடந்ததால் இதற்கு ஸ்லாஷ்டாட் விளைவு என்றே பெயர் விழுந்தது. டிக் வந்த பின் அதன் பெயரிலும் சொன்னார்கள். பாராட்டப் போய்க் கடையை மூடிவிட்டு வருவது! சிறிய தளம் என்று தெரிந்தால் பெரிய இடத்தில் ஏற்றும் முன் உரிமையாளருக்கு ஒரு வரி எழுதிக் கேட்பது நல்ல பழக்கம். அவர் படத்தை மட்டும் உருவி இன்னொரு பக்கத்தில் அங்கிருந்தே தெரிய வைப்பது அதைவிட மோசம். செலவு அவருக்கு, பேர் வேறொருவருக்கு.

முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுக்காமல் அந்தக் கட்டுரையின் நிலையான முகவரியைக் கொடுப்பது, யார் மூலம் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சேர்ப்பது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெலிஷியஸ்காரர்கள் 'இன்னார் வழி' என்று அதற்கும் ஒரு குறிச்சொல் வைத்திருந்தார்கள்.

குறிப்பு எழுதும் இடம் இன்னும் நுட்பமானது. ரசிகர் கதைகளுக்கான ஏஓ3 என்ற பெரிய தளம் 2009 நவம்பரில் பொதுச் சோதனைக்குத் திறந்தது. அதில் கதையைப் புத்தகக்குறியாகச் சேமிக்கலாம், பக்கத்தில் குறிப்பும் எழுதலாம். பொதுவில் வைத்தால் கதை எழுதியவரும் அதைப் பார்க்க முடியும். 'நடுவில் போர், முடிவு பரவாயில்லை' என்று ஒருவர் தன் ஞாபகத்துக்காக எழுதுகிறார். எழுதியவர் இரவெல்லாம் விழித்து இலவசமாக எழுதிய கதை அது. அவர் ஆவலோடு திறந்து பார்க்கும்போது கிடைப்பது அந்த வரி. எழுதியவர் பொய் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தனிக் குறிப்பேடு என்று நினைத்துச் சந்தியில் நின்று பேசிவிட்டார். அந்தத் தளத்திலேயே 'தனிப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தால் போதும். விமர்சனமே கூடாது என்பதில்லை. பேச வேண்டியதைப் பின்னூட்டத்தில் நேராகப் பேசலாம், அங்கே பதில் சொல்ல அவருக்கும் இடம் இருக்கிறது.

அந்தக் கட்டம் குறிக்கிறவரின் பாதுகாப்புக்கும்தான். டெலிஷியஸ் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் பொதுவில்தான் காட்டியது. ஒருவர் தொடர்ந்து மூன்று நாள் ஒரே நோயைப் பற்றிய பக்கங்களைக் குறித்தாலோ, 'வேலை மாற்றம்' என்ற குறிச்சொல்லில் பத்துச் சுட்டி சேர்த்தாலோ, பார்க்கிறவர் ஊகிக்க அறிவியல் எதுவும் தேவையில்லை. மேலாளரும் அதே தளத்தில் இருப்பார்.

ரசிகர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குறிச்சொல்லை அவர்கள் அளவுக்கு ஒழுங்காகப் பயன்படுத்தியவர்கள் குறைவு. எந்தத் தொடர், எந்த இரு பாத்திரங்கள், எவ்வளவு நீளம், எந்த வயதினருக்கு, மனதைப் புண்படுத்தும் சங்கதி உள்ளதா என்று ஒவ்வொன்றுக்கும் வகுத்து வைத்த சொல் உண்டு. முன்பின் தெரியாத வாசகர் கலங்கிப் போகக் கூடாது என்று எச்சரிக்கைக் குறிச்சொல் போட்டவர்கள் அவர்கள். 2011ல் யாஹூவிடமிருந்து டெலிஷியஸ் கைமாறி, செப்டம்பரில் புதிய வடிவத்தில் வந்தது. அதில் சாய்கோட்டை வைத்துத் தேட முடியவில்லை. கிர்க்/ஸ்பாக் என்று இரு பாத்திரங்களுக்கு நடுவே போடுவார்களே, அந்தக் கோடுதான். வருடக்கணக்கில் அடுக்கிய அலமாரி ஒரே நாளில் கலைந்து போனது.

அப்போது பின்போர்டு என்ற சிறு தளத்தை மாச்சே செக்வோவ்ஸ்கி தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். 'கூச்ச சுபாவக்காரர்களுக்கான சமூகப் புத்தகக்குறித் தளம்' என்பதுதான் அவருடைய விளம்பரமே. உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டார். பத்து வரி வரும் என்று நினைத்தவருக்கு, முகம் தெரியாதவர்கள் பலர் ஒரே பொது ஆவணத்தில் சேர்ந்து எழுதிய பல பத்துப் பக்க விண்ணப்பம் வந்து சேர்ந்தது, தலைப்பு வாரியாகப் பிரித்து! யார் வேண்டுமானாலும் அழித்துவிட்டுப் போயிருக்கக்கூடிய ஆவணம் அது. பல வருடம் அடுத்தவருக்குப் புரியும்படி சுட்டி அடுக்கிப் பழகிய கைகள் அதையும் அப்படியே அடுக்கிவிட்டன. 2013ல் ஒரு கருத்தரங்கில் அவர் இந்தக் கதையைச் சொல்லி ரசிகர்களைப் புகழ்ந்து தள்ளினார்.

2017 ஜூனில் அதே செக்வோவ்ஸ்கி டெலிஷியஸையே வாங்கினார். விலை 35,000 டாலர். புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி அதைப் பூட்டி, பழையதைப் பார்க்க மட்டும் விட்டார். அதாவது பரவாயில்லை. மக்னோலியா என்ற தளத்தில் 2009 ஜனவரியில் தரவுத்தளம் பழுதாகி எல்லாருடைய சேமிப்பும் ஒரேயடியாகப் போனது. பொதுவில் வைத்திருந்தவற்றில் சிலவற்றை மட்டும் வேறு இடங்களில் தங்கியிருந்த நகல்களிலிருந்து தேடிப் பொறுக்கி எடுத்தார்கள். தனியாகப் பூட்டி வைத்தவற்றுக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே சேமிக்கிறவர்கள் அவ்வப்போது தங்கள் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. இதில் ஒரு வேடிக்கை, அந்தக் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் நெட்ஸ்கேப் என்று இருக்கும். அந்த உலாவி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும், அது வகுத்த கோப்பு வடிவத்தில்தான் மற்ற உலாவிகள் புத்தகக்குறிகளை இறக்கியும் ஏற்றியும் வருகின்றன. டெலிஷியஸில் இறக்கிய கோப்பில் சுட்டியோடு சேர்த்த நாளும் குறிச்சொற்களும் இருக்கும், அது தனிப்பட்டதா இல்லையா என்பதும் 0 அல்லது 1 என்று இருக்கும். 1 என்று இருக்கும் சுட்டியும் மற்றவற்றைப் போலவே முழுதாக உள்ளேதான் கிடக்கும். நல்ல சுட்டியாகச் சேர்த்து வைத்திருக்கிறாயே, கொடு என்று நண்பர் யாராவது கேட்டால், அந்த வரிகளை நீக்கிவிட்டுக் கொடுக்கவும்.